டி.டி.டியும் சொத்தைக் கடலையும்

எங்கள் பேரையூர்க் கரிசல்காட்டில் பருத்திக்கு மருந்தடிக்கிற நாளில், "அந்தப் பக்கம் போகாதீங்கடா, புத்துநோய் வந்துரும்" என்று பெரியவர்கள் விரட்டுவார்கள். அவர்களேதான், மழையில் நனைந்து பூசணம் பிடித்த கடலையை "வீணாக்குவானேன்?" என்று செக்குக்கு அனுப்புவார்கள். இரண்டில் எது பெரிய ஆபத்து? விஞ்ஞானிகளே இதைக் கணக்காகப் போட வெகுகாலம் பிடித்தது.

1958-இல் அமெரிக்கா 'டெலானி விதி' கொண்டுவந்தது. விலங்குக்குப் புற்றுநோய் தரும் எதையும் உணவில் சேர்க்கக் கூடாது. துளியா, படியா என்ற பேச்சே இல்லை. இரண்டே ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. காரணத்தைத் தேடிப் போனால், தீவனத்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு! அப்பூசணம் சுரந்த நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது. எந்த ஆலையும் செய்யாத விஷம்.

1987-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஏம்ஸ் (2024-இல் மறைந்தார்) தம் சகாக்களுடன் 'சயின்ஸ்' இதழில் ஒரு தரவரிசை வெளியிட்டார். எலிகளில் பாதிக்குப் புற்றுநோய் வரவைக்கும் அளவில், மனிதன் தினம் உட்கொள்வது எத்தனை சதவீதம் என்பதே கணக்கு. அமெரிக்கர் உணவில் அன்றாடம் சேரும் டி.டி.டிக்கு 0.0003. ஒரு சாண்ட்விச்சில் தடவிய கடலை வெண்ணெய்க்கு 0.03, அதாவது நூறு மடங்கு! கால் லிட்டர் ஒயினுக்கோ 4.7. (விடுதி நண்பர்கள் சிலர் இந்த வரியைத் தாண்டிப் படிக்கலாம்.)

"அப்போ மருந்தடிச்சா ஒண்ணும் ஆகாதா சார்?" என்று இன்றைய மாணவர் கேட்கலாம். அவசரம் வேண்டாம் தம்பி. அமெரிக்கா டி.டி.டியை 1972-லேயே தடை செய்துவிட்டது. அவர்கள் தட்டில் மிஞ்சியதைத்தான் ஏம்ஸ் அளந்தார். நம் நாட்டில் விவசாயத்துக்கு அது நின்றது 1989-இல். மேலும் அது சாப்பிடுகிறவர் கணக்கு. தெளிப்பானை முதுகில் சுமந்து, வெறுங்காலோடு வரப்பில் நடந்தவர் கணக்கு அதில் கிடையாது. கடலைக் கணக்கும் ஆளுக்கு ஆள் மாறும். ஹெபடைடிஸ்-பி கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு அஃப்ளாடாக்சினின் வீரியம் சுமார் 30 மடங்கு என்று 1997-இல் உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு மதிப்பிட்டது. ஆகவே அந்தப் பட்டியலை அப்படியே பேரையூருக்குத் தூக்கி வர முடியாது. ஏம்ஸ் கேட்ட 'எவ்வளவு?' என்ற கேள்வியைக் கொண்டு வரலாம்.

ஆலையில் சுத்திகரிக்கும்போது எண்ணெயிலுள்ள இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெயில் தங்கும். பிண்ணாக்கில் அதைவிட அதிகம். அதைத் தின்ற பசுவின் பாலிலும் கொஞ்சம் உருமாறி இறங்குகிறது, காய்ச்சினாலும் போவதில்லை.