ஓடும் நீரும் ஓடும் மூச்சும்

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கோவிட் நோய் கடுமையுற்றபோது, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நோயாளர் நிரம்பினர். சுவாசக் கருவி என்னும் பெயர் பிரிக்பீல்ட்ஸ் வீடுகளிலெல்லாம் அன்று அடிபட்டது. அக்கருவி தள்ளும் காற்று நுரையீரலில் எங்கெங்குச் செல்கிறது? இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறு ஒரு நீர்க்குழாயில் தொடங்குகிறது.

அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வை பிளாக், பர்செல் என்னும் இருவர் அமெரிக்காவில் தனித்தனியே கண்டு 1946இல் வெளியிட்டனர். ஐந்தாண்டு கழித்து, 1951இல், பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன் ஓடும் நீரில் அதனை ஆராய்ந்தார். காந்தத்தினிடையே நிற்கும் நீரின் அணுக்கருக்கள் வானொலி அலைக்கு விடையளித்துச் சோர்ந்துவிடும். நீர் ஓடினாலோ, புதிய கருக்கள் வந்தவண்ணமிருக்கும். வகுப்பில் அதே பையன்களையே திரும்பத் திரும்ப எழுப்பினால் குரல் தளரும். புதியவர் நுழைந்துகொண்டேயிருந்தால் தளராது. ஆகவே குரலின் வலிவைக்கொண்டு வரவின் வேகத்தை அறியலாம். இத்துணைப் பயனுடைய கருத்தின் ஆசிரியரை நம் பாடநூல்கள் மறந்தது வியப்பே.

1959இல் சிங்கர் என்பார் சுண்டெலியின் வாலில் இவ்வழியே குருதியோட்டத்தை அளந்தார். 1973இல் லாட்டர்பர் ஒத்ததிர்வைப் படமாக்கினார். ஆயினும் நுரையீரல் படத்தில் கரிய வெளியாகவே நின்றது. அங்கு நீர் குறைவு. காற்றோ மிக மெலிது. 1994இல் ஆல்பர்ட் குழுவினர், லேசர் ஒளியால் செனான் வாயுவின் கருக்களை ஒரு திசையில் நிறுத்தி, சுண்டெலியின் நுரையீரலை அவ்வாயுவைக்கொண்டே படமெடுத்தனர். ஹீலியம்-3 வாயுவால் மனித நுரையீரலின் படங்கள் 1996இல் வெளிவந்தன.

இதில் உயிரே பணயம். நோயுற்ற நுரையீரலில் சில பகுதிகள் அடைபட, திறந்த பகுதியே தள்ளப்படும் காற்று முழுவதையும் ஏற்று விரிந்து புண்படுகிறது. 861 நோயாளரிடம் நடந்து 2000இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், உயரத்தால் கணித்த எடையின் கிலோ ஒன்றுக்கு மூச்சுதோறும் 12 மில்லிலிட்டர் தள்ளப்பட்டோருள் நூற்றுக்கு 39.8 பேர் மாண்டனர். 6 மில்லிலிட்டர் பெற்றோருள் 31 பேர்.

பின்னர் ஐரோப்பிய ஆய்வாளர், கருவியால் மூச்சூட்டப்பட்ட கினிப்பன்றிகளுக்கு மூச்சுமூச்சாக ஹீலியத்தைச் செலுத்தி, ஒவ்வோரிடத்தும் ஒளி எவ்வளவில் ஏறுகிறதென அளந்தனர். விரைந்து ஒளிரும் இடம் புதுக்காற்று மிகுதியாகப் பெறும் இடம். பெங்களூர்க் குழாயிற்போலவே, புதிதாய் நுழைவதே உரக்கப் பேசுகிறது.

ஹீலியம்-3 அணுகுண்டுக்கான டிரிட்டியம் சிதைந்து கிடைப்பது. அது அருகியதும் ஆய்வாளர் செனானுக்கே மீண்டனர். 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிறுவாகம் செனானை 12 அகவை நிரம்பியோர்க்கு ஒப்பியது. எனினும் அவர்கள் தாமே மூச்சிழுத்து அடக்க வல்லவர். சுவாசக் கருவியில் கிடப்பவரை அக்காந்தத்தருகே கொண்டுசெல்வது அரிது. கருவியின் இரும்பை முதலில் விலக்கியாக வேண்டும்.