இரண்டு ஆணியும் ஒரு முக்கோணமும்

கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டு எனக்கு ரொம்ப நாள் பழக்கம். 2001-இல் தொடங்கிய 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' விளையாட்டு வரிசையில் குண்டு வீசும் விமானத்தை எடுத்தால், குறிபார்க்கும் கருவியில் உயரத்தையும் வேகத்தையும் நாமேதான் வைக்கணும். மேலே போகப் போகக் காற்று லேசாகும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். அதைத் திருத்த ஆர்வலர்கள் அட்டவணை, அட்டைச் சக்கரம் என்று கையாலேயே செய்து வைத்துக்கொள்கிறார்கள். "விளையாட்டுக்குப் போய் இவ்வளவா?" என்பீர்கள். இதன் பின்னால் உள்ள வரலாறு அப்படி!

கணக்கு என்னவோ நாம் ப்ளஸ் டூவில் படித்ததுதான். 3,000 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு, காற்றின் தடையை விட்டுவிட்டால், தரையைத் தொட சுமார் 25 விநாடி ஆகும். விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகும் விமானத்திலிருந்து விட்டால், அதற்குள் இரண்டரை கிலோமீட்டர் முன்னால் போய் விழும். பக்கவாட்டுக் காற்று வேறு தள்ளும். அந்தக் காற்று முக்கோணத்தைப் போட, 1930-களில் அமெரிக்கரான பிலிப் டால்டன் ஒரு வட்ட ஸ்லைடு ரூலை உருவாக்கினார். நம் சீனியர்கள் கையில் இருந்த ஸ்லைடு ரூலின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1942 ஏப்ரல் 18-இல் டூலிட்டில் தலைமையில் 16 விமானங்கள் ஜப்பானைத் தாக்கின. தாழப் பறக்கும்போது ரகசிய நார்டன் கருவி உதவாது; எதிரி கையில் சிக்கினாலும் ஆபத்து. அதைக் கழற்றிவிட்டு, கேப்டன் கிரீனிங் வடிவமைத்த அலுமினியத் தகட்டுக் கருவியைப் பொருத்தினார்கள். விலை 20 சென்ட்!

அதைவிட எளிமை, 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளைத் தாக்கப் போன 19 பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்களில் இருந்தது. பார்ன்ஸ் வாலிஸின் குண்டு, தவளைக்கல் மாதிரி தண்ணீரில் துள்ளிப் போய் அணையில் மோதணும். அதற்கு 60 அடி உயரத்தில், அணைக்குச் சுமார் 400 மீட்டர் முன்னால் விட்டாகணும். இருட்டில் எப்படி? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகள். இரு வெளிச்சமும் தண்ணீரில் ஒட்டி நின்றால் 60 அடி. தூரத்துக்கு 'டான்' என்ற அதிகாரி செய்த மரமுக்கோணம்: ஒரு மூலையில் பார்க்கும் துளை, மற்ற இரு மூலைகளில் ஆணி. மோனே அணையின் இரு கோபுரங்களும் இரு ஆணிகளோடு பொருந்தும் கணத்தில் குண்டை விடு! வடிவொத்த முக்கோணங்கள், அவ்வளவுதான். விமானக் குலுக்கலில் கை நிற்கவில்லை என்று, சிலர் கண்ணாடியில் பென்சில் கோடு போட்டு, நூலைக் கட்டிக் குறிபார்த்தார்கள்.

மோனே, ஈடர் அணைகள் உடைந்தன. போன 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். கீழே வெள்ளத்தில் மாண்டவர்கள் சுமார் 1,600 பேர். அதில் பாதிக்கு மேல் கட்டாய வேலைக்காக ஜெர்மனிக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டவர். பெரும்பாலும் சோவியத் மக்கள். யாரைக் காப்பாற்ற இந்தப் போரோ, அவர்களே!

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விலை உயர்ந்த கருவி இல்லையே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அடிப்படை தெரிந்தவனுக்கு இரண்டு ஆணி போதும். ஆனால் அந்த முக்கோணத்தின் துளை வழியே கோபுரங்கள் மட்டும்தான் தெரிந்தன. அணைக்குக் கீழே யார் தூங்குகிறார்கள் என்பது எந்தக் கருவியிலும் தெரியாது. அதைக் கேட்க வேண்டியது எஞ்சினியர்தான்.