புழுங்கலரிசியும் மலாயாத் தொழிலாளரும்

உடல்நலம் பற்றிப் பேசுவோர் நல்லுணவுப் பழக்கத்தைத் தனிமனித ஒழுக்கமாகவே பெரும்பாலும் எடுத்துரைப்பர். நாவை அடக்கியவன் நலம்பெறுவான், அடக்காதவன் நோயுறுவான் என்பது அவர்தம் முடிபு. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தின் உணவுப் பழக்கம் அதன் உழைப்பு வாழ்விற் பிறப்பது. அதனைக் காப்பதும் அழிப்பதும் சமுதாய அமைப்பேயாகும். மலாயாவின் பெரிபெரி நோய் வரலாறு இவ்வுண்மையை நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் ஆசிய நாடுகளிற் பெருகின. அவை உமியோடு தவிட்டையும் நீக்கி அரிசியை வெண்மையாகத் தீட்டின. தவிடு நீங்கிய அரிசி எளிதிற் கெடாது. கப்பலேற்றவும் களஞ்சியப்படுத்தவும் வணிகருக்கு வாய்ப்பானது. சிறைகளிலும் படைமுகாம்களிலும் சுரங்கங்களிலும் அதுவே முதன்மை உணவாயிற்று. கால் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, ஈற்றில் இதயமும் செயலிழக்கும் பெரிபெரி நோய் அதனைத் தொடர்ந்து பரவிற்று.

மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் சீயத்து வெள்ளையரிசியை உண்டனர். அவர்களைப் பெரிபெரி பெருந்தொகையாக வாரிக்கொண்டது. அதே நாட்டின் தோட்டங்களில் உழைத்த தமிழரிடையேயோ அந்நோய் மிக அரிதாகவே காணப்பட்டது. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த லெனார்ட் பிரடன், வேறுபாட்டின் காரணம் அரிசியே என 1907 இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். பழைய வெள்ளையரிசியில் நஞ்சு உண்டாகின்றது என அவர் கருதியது பிழை. அவர் கண்ட வேறுபாடு மெய்.

1905 இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் ஒரு பகுதியினருக்கு வெள்ளையரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். வெள்ளையரிசி உண்டோரிற் பலர் நோயுற்றனர், இறந்தோரும் உளர். தம்மீது நிகழ்ந்த சோதனையை அறியும் நிலையில் இல்லாதவர்களின் உயிரே இவ்வறிவுக்கு விலையாயிற்று. பின்னர் ஹென்றி பிரேசரும் அம்புரோஸ் ஸ்டான்டனும் வீதி அமைத்த ஏறத்தாழ 300 யாவகத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, 1909 இல் அம்முடிவையே உறுதிப்படுத்தினர்.

இதன் உட்பொருள் யாது? பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்னும் உயிர்ச்சத்து நெல்மணியின் தவிட்டிலும் முளையிலும் செறிந்துள்ளது. 1926 இல் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் அதனைத் தவிட்டிலிருந்தே பிரித்தெடுத்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்குகின்றது. பிறகு தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை.

நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய நம் பெண்கள் உயிர்ச்சத்தை அறிந்திலர். அவித்த நெல்லின் உமி எளிதில் விடும், குத்தும்போது அரிசி நொறுங்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். உலக்கை பிடித்த கைகளின் பட்டறிவே கடல்கடந்து சென்ற உழைப்பாளியின் நரம்பையும் இதயத்தையும் காத்தது.

எனினும் இதனைப் பழம்பெருமையாக்குதல் தகாது. பெரிபெரியினின்று தப்பிய அத் தமிழ்த் தொழிலாளரை மலேரியாவும் வயிற்றுளைவும் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. சீனத் தொழிலாளர் வெள்ளையரிசியை உண்டதும் அறியாமையால் மட்டுமன்று; சுரங்கத்தில் அளந்து கொடுக்கப்பட்டது அதுவே. நற்பழக்கம் ஓர் அரண்தான். ஆயினும் நல்ல குடிநீரும் இருப்பிடமும் போதிய கூலியும் இல்லாதவிடத்து அவ்வரண் ஒருபுறம் மட்டுமே காக்கும்.

தவிடு நீங்கிய வெண்மையை உயர்வின் அடையாளமாகக் கொள்ளும் மனப்பாங்கு இன்றும் நம்மிடையே நிலவுகின்றது. விருந்துக்கு வெள்ளைச்சோறு, வறியோர்க்குக் குத்தரிசி என்ற பாகுபாட்டை வளர்த்தது நாவின் சுவை மட்டுமன்று. சந்தையும் வர்க்க மதிப்பும் அதிற் பங்குகொண்டன. வகுப்பறையில் நல்லுணவைப் போதிக்கும் நாம், எதனை உண்ணவேண்டும் என்று கூறுவதோடு அமைதல் போதாது. உண்பவனுக்கு எது கிடைக்கின்றது, அதனைத் தீர்மானிப்பவர் யாவர் என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும்.