புதுவை மண்ணில் ஓர் அயல்நாட்டுக் கலைவாழ்வு

அயல்நாட்டுக் கலைஞர் ஒருவர் நம் சமுதாயத்தின் நடுவே நெடுங்காலம் தங்கித் தொழில் புரிவாராயின், அவர் நம் கலைக்குப் புத்துயிர் அளித்தார் என்றோ, நம் மரபிலே கரைந்துவிட்டார் என்றோ எழுதி முடிப்பது விமரிசகர்களின் வழக்கம். 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் மட்கலப் பட்டறையைத் தொடங்கிய அமெரிக்கர்களான ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகியோரின் சரித்திரம் இவ்விரு தீர்ப்புகளுக்கும் இணங்குவதன்று என்பதே என் துணிபு.

உயிரூட்டுவதற்கு இங்கே எந்த மரபும் மாண்டு கிடக்கவில்லை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் 1945-இல் அகழ்ந்தபோது ரோமானிய மட்கலங்களோடு உள்நாட்டுக் கலங்களும் வெளிப்பட்டன. வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அக்கலையில் தேர்ந்த முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இந்த மரபுக்கும் அப்பட்டறைக்கும் பரம்பரைச் சம்பந்தம் ஏதுமில்லை. கலிபோர்னியாவில் பயின்ற கல்வியும், டெபோரா ஜப்பானில் பெற்ற பயிற்சியுமே அதன் பூர்வீகம். கிராமத்துச் சூளையின் மிதமான வெப்பத்துக்கு மாறாக ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வரை சவுக்கு விறகால் எரியூட்டி, கண்ணாடிப் பூச்சுடன் எடுத்த உணவுக் கலங்கள் அதன் ஆக்கம். தமிழ் இல்லத்தில் மண் சமையலுக்கும் தண்ணீருக்கும் வழிபாட்டுக்கும் உரியதாயிருந்ததேயன்றி, உண்ணும் கலமாக வாழையிலையும் பித்தளையும் பின்னர் எவர்சில்வருமே வழங்கின. ஆதலால் இக்கலங்கள் பழைய தேவை எதையும் நிரப்பவில்லை, நகரவாசிகளிடையே புதியதொரு ருசியையே உண்டாக்கின.

ஆயினும் அங்கே கூலிக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் வனைதலில் தேர்ந்து, அவர்களிற் சிலர் சொந்தப் பட்டறை வைத்தமையால், பிறப்பால் வந்த தொழில் பயிற்சியால் வருவதாயிற்று. தேசமெங்குமிருந்து மாணவர் வந்து மீக்கரிடம் கற்றதைப் பலரும் பாராட்டுவர். தொழிலாளர் பெற்ற இத்தேர்ச்சியை நான் அதனினும் பெரிதாக மதிக்கிறேன்.

கிராமத்துக்கு மிக அணுக்கமாக மீக்கர் வந்தது கலங்களில் அன்று, வீடுகளில். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் கருத்தைப் பின்பற்றி, 1980-களின் நடுப்பகுதி முதல் அவர் பச்சை மண்கட்டிகளால் வளைகூரை வீடுகளை எழுப்பி, உள்ளே சுடாத செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நாட்கணக்கில் எரித்தார். உள்ளே வெந்த பொருள்களை விற்று எரிபொருட் செலவை ஈடுசெய்வதும், மழையில் கரையும் மண்சுவரை நிலைபெறச் செய்வதும் அவர் நோக்கம். செங்கற் சூளை எரிக்கும் வில்லியனூர், பாகூர்ப் பகுதி மக்களுக்கு இதன் தத்துவம் அந்நியமானதன்று. எனினும் கூரை வீட்டை விட்டு நீங்கிய உழவர் குடும்பம் காங்கிரீட் தளத்தையே கௌரவமாகக் கருதிய காலம் அது, விறகும் மலிவாயில்லை, சுடுவீடு ஊரெங்கும் பரவவில்லை. இதனைக் கலைஞரின் தோல்வி என்பதினும், மாறிவந்த சமுதாயம் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லிய தருணம் என்பதே பொருந்தும். அதன்பின் அவர் ஆளுயரத்தை விஞ்சும் சுட்ட மண் சிற்பங்களில் ஈடுபட்டார். பெரிய மண்ணுருவைப் பிளவுறாமல் சுடும் அப்பயிற்சியில் வீடுகளை எரித்த அனுபவம் முழுவதும் கலந்திருக்கிறது.