வாடைக்குப் பெயர் வைத்தவர்கள்: ரீஃபாக்டரிங்கின் கதை

ஸ்மால்டாக் மொழி ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்தில் எப்படிப் பிறந்ததுன்னு ஏற்கெனவே பேசியிருக்கோம். இன்னைக்கு அதனுடைய தொடர்ச்சி. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறையில் எழுதின நிரல்களுக்கு வயசானபோது என்ன நடந்தது? அவற்றின் கோளாறுகளை எப்படிக் கண்டுபிடிச்சாங்க, எப்படிச் சரி பண்ணாங்க? அதுதான் இந்த எபிசோட்.

கோளாறுன்னு நான் சொல்றது பக் இல்லை. நிரல் ஓடுது, விடையும் சரியா வருது. ஆனா ஒரு இடத்துல கை வெச்சா சம்பந்தமே இல்லாத வேற ஒரு இடத்துல உடையுது. புதுசா சேர்ந்தவர் ஒரு மாசம் படிச்சும் தலையும் புரியலை, வாலும் புரியலை. "ஓடுற வரைக்கும் அதைத் தொடாதீங்க" என்று சீனியர் ஒருத்தர் எச்சரிக்கிறார். இந்தத் துறையில் இருக்கிறவங்க எல்லாரும் இப்படி ஒரு ஃபைலைப் பார்த்திருப்பீங்க. இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கோளாறைக் கண்டுபிடிப்பது அத்தனை கஷ்டமாக இருந்ததில்லை. அதைப் பயமில்லாமல் தொடுவதற்கு வழி கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு காலம் ஆனது.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 1970களில் மெய்ர் லேமன், லாஸ்லோ பெலாடி என்ற இருவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளத்தை ஆராய்ந்தார்கள். பதிப்புக்குப் பதிப்பு அது எப்படிப் பெருகியது என்று பார்த்தார்கள். அதிலிருந்து லேமன் சில விதிகளை வகுத்தார். அவற்றில் ஒன்று நமக்கு முக்கியம். பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். மாற மாற அதன் சிக்கல் கூடும். குறைப்பதற்கென்று தனியாக உழைத்தால் ஒழிய அது தானாகக் குறையாது. வீட்டைப் பெருக்காமல் விட்டால் தூசி சேர்வது மாதிரி. யாரும் தப்பு செய்யத் தேவையில்லை, சும்மா குடியிருந்தாலே போதும்.

அதே பத்தாண்டில் இரண்டு மருந்துகள் வந்தன. 1972ல் டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரை எழுதினார். நிரலை எப்படிப் பிரிப்பது என்பது அவர் கேள்வி. பின்னால் மாறக்கூடிய முடிவு எதுவோ, அதை ஒரு பகுதிக்குள் மறைத்து வை என்பது அவர் பதில். 1976ல் தாமஸ் மெக்கேப் ஒரு அளவுகோல் கொடுத்தார். ஒரு நிரல் துண்டுக்குள் ஒன்றுக்கொன்று சார்பில்லாத பாதைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது. பத்தைத் தாண்டினால் யோசி என்றார். இந்த எண்ணிக்கையை இன்றைக்கும் கருவிகள் கணக்கிடுகின்றன.

ஆப்ஜெக்ட் வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். நார்வேயில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67, அப்புறம் ஸ்மால்டாக், சி பிளஸ் பிளஸ். தரவையும் அதன் வேலையையும் ஒரே கிளாஸுக்குள் வைத்துவிட்டால் பார்னஸ் கேட்ட மறைப்பு தானாகக் கிடைக்கும் இல்லையா? கிடைத்தது. கூடவே புதிய கோளாறுகளும் வந்தன. எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் பிரம்மாண்டமான கிளாஸ். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று ஏழு தலைமுறை ஏறிப் பார்த்தால்தான் புரியும் இன்ஹெரிட்டன்ஸ்.

ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். ஒரு கடையின் பில்லிங் மென்பொருள். அதில் பில் என்று ஒரு கிளாஸ், வாடிக்கையாளர் என்று இன்னொரு கிளாஸ். தள்ளுபடிக் கணக்கு பில்லுக்குள் இருக்கு. ஆனா அந்தக் கணக்கு வாடிக்கையாளரிடம் போய் அவர் எந்த ஊர், எத்தனை வருஷப் பழக்கம், பாக்கி எவ்வளவுன்னு ஒவ்வொண்ணா கேட்டு வாங்கித்தான் விடை சொல்லுது. அதுக்குத் தேவையான எல்லாம் பக்கத்து வீட்டில்தான் இருக்கு. அப்போ அந்தக் கணக்கு அங்கே குடிபோவதுதானே நியாயம்? பார்த்தவுடனே யாருக்கும் இது தெரியும். ஆனா நகர்த்தினா வேற எது உடையும்? இந்தக் கேள்விக்கு பதில் தெரியாமல்தான் எல்லாரும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டவர் வில்லியம் ஆப்டைக். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஜான்சனின் மாணவர். 1992ல் முடித்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பிலேயே ரீஃபாக்டரிங் என்ற சொல் இருக்கிறது. சி பிளஸ் பிளஸ் நிரல்களில் செய்யக்கூடிய சிறு சிறு மாற்றங்களை அவர் பட்டியலிட்டார். பெயர் மாற்றுவது, ஒரு மெத்தடை நகர்த்துவது, பொதுவான பகுதியை மேல் கிளாஸுக்கு ஏற்றுவது. ஒவ்வொன்றுக்கும் முன்நிபந்தனைகள் எழுதினார். இந்த நிபந்தனைகள் பொருந்தினால் மாற்றிய பிறகும் நிரல் முன்பு போலவே நடந்துகொள்ளும் என்று காட்டினார். அதே காலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரிஸ்வால்டும் இதையொத்த ஆய்வைச் செய்துகொண்டிருந்தார். பயத்துக்கு முதல் மருந்து இதுதான். பெரிய மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அதைப் பத்திரமான சின்ன அடிகளாக உடைத்துக்கொள்.

அதே 1992ல்தான் வார்ட் கன்னிங்ஹாம் கடன் உவமையைச் சொன்னார். அவர் குழு ஸ்மால்டாக்கில் வைகேஷ் என்ற முதலீட்டு மேலாண்மை மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தது. நிதித் துறைக்காரர்களுக்குப் புரிகிற பாஷையில் பேச வேண்டியிருந்தது. முழுசாகப் புரியாத நிலையில் நிரலை வெளியிடுவது கடன் வாங்குவது மாதிரி. வேகமாகப் போகலாம், தப்பில்லை. ஆனால் புரிந்த பிறகு திரும்ப எழுதி அசலை அடைக்காவிட்டால் வட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கந்துவட்டி என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பின்னாளில் பலர் இதை வைத்து மோசமான நிரலுக்கு நியாயம் சொன்னார்கள். மோசமாக எழுதலாம் என்று நான் சொல்லவே இல்லை என்று கன்னிங்ஹாமே பிறகு விளக்க வேண்டியதாயிற்று.

ஆப்டைக்கின் வேலை தாளில் இருந்தது. அதை விசைப்பலகைக்குக் கொண்டுவந்தவர்கள் அதே இல்லினாயைச் சேர்ந்த ஜான் பிராண்ட்டும் டான் ராபர்ட்ஸும். ஸ்மால்டாக்குக்காக ரீஃபாக்டரிங் பிரவுசர் என்ற கருவியை எழுதினார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கு. முதல் பதிப்பு தனிக் கருவியாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் எழுதினவங்களே அதை அதிகம் பயன்படுத்தலை! நிரல் எழுதுற இடத்தை விட்டு எழுந்து போய் இன்னொரு கருவியைத் திறக்க யாருக்கும் பொறுமை இல்லை. நிரல் எழுதும் ஜன்னலுக்குள்ளேயே அதைக் கொண்டுவந்த பிறகுதான் அது பழக்கத்துக்கு வந்தது. கறிவேப்பிலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால்தானே தாளிக்கும்போது போடுவோம்?

இப்போ கிரைஸ்லர் கார் கம்பெனிக்கு வருவோம். ஊழியர்களின் சம்பளத்தைக் கணக்கிட ஸ்மால்டாக்கில் புதிய மென்பொருள் எழுதினார்கள். சி3 என்று அதற்குப் பெயர். முதல் முயற்சி தேறவில்லை. 1996ல் கென்ட் பெக் அழைக்கப்பட்டார். இருந்த நிரலை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். இந்த முறை நிரலைத் தொடர்ந்து சுத்தம் செய்துகொண்டே போக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு அடிக்கும் துணையாகத் தானியங்கிச் சோதனைகள் இருந்தன. எதையாவது மாற்றினால் உடனே சோதனைகளை ஓட்டிப் பார்க்கலாம், எங்கே உடைந்தது என்று உடனே தெரியும். பயத்துக்கு இரண்டாவது மருந்து இது. 1997 மே மாதம் அந்த மென்பொருள் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட ஆரம்பித்தது. கதையை முழுசாச் சொல்லணும் இல்லையா? எல்லா ஊழியர்களுக்கும் அது விரிவடையவே இல்லை. 2000ன் தொடக்கத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது. சுத்தமான நிரல் ஒரு திட்டத்தை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றிவிடாது.

அந்தத் திட்டத்தில் ஆலோசகராக இருந்தவர் மார்ட்டின் ஃபவுலர். ரீஃபாக்டரிங் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எப்படிச் செய்வது என்று எழுதியாகிவிட்டது. எப்போது செய்வது என்பதில் சிக்கிக்கொண்டார். அந்த யோசனையோடு ஜூரிச்சில் கென்ட் பெக்கைப் பார்க்கப் போனார். பெக் வீட்டில் அப்போது கைக்குழந்தை. வீடு முழுக்கக் குழந்தை வாடை. நாத்தம் அடிச்சா துணியை மாத்திட வேண்டியதுதான்! எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். அப்படித்தான் கோட் ஸ்மெல் என்ற பெயர் 1999ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயத்துக்குள் நுழைந்தது.

அதில் 22 வாடைகளுக்குப் பெயர் இருந்தது. நாம் பார்த்த தள்ளுபடிக் கணக்குக்கு ஃபீச்சர் என்வி என்று பெயர். அடுத்த வீட்டுப் பொருள் மேல் கண். ஒரு சின்ன மாற்றத்துக்காகப் பத்து கிளாஸைத் தொட வேண்டியிருந்தால் ஷாட்கன் சர்ஜரி. அப்பாவிடமிருந்து கிடைத்த சொத்தில் பாதியை வேண்டாம் என்று ஒதுக்கும் கிளாஸுக்கு ரெஃப்யூஸ்ட் பிக்வெஸ்ட். பெயர் வைத்ததில் என்ன லாபம்? "உன் கோட் நல்லா இல்லை" என்றால் சண்டைதான் வரும். "இங்கே ஃபீச்சர் என்வி இருக்கு" என்றால் பேச்சு ஆளை விட்டு நிரலுக்குப் போய்விடுகிறது. மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே பக்கம் வந்துவிடுகிறார்கள்.

வாடையை அளக்க முடியுமா என்பது அடுத்த சண்டை. 1994ல் சிதம்பர், கெமரர் என்ற இருவர் ஆப்ஜெக்ட் நிரல்களுக்கென்றே ஆறு அளவைகளை வெளியிட்டிருந்தார்கள். இன்ஹெரிட்டன்ஸ் எத்தனை படி ஆழம், ஒரு கிளாஸ் எத்தனை கிளாஸ்களைச் சார்ந்திருக்கிறது, அதற்குள் இருப்பவை ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்ற மாதிரி. ஃபவுலரும் பெக்கும் எண்ணில் வரையறை கொடுக்க மறுத்தார்கள். அனுபவமுள்ளவரின் மூக்குக்கு அளவைகள் ஈடாகாது என்பது அவர்கள் கட்சி. 2004ல் ருமேனியாவைச் சேர்ந்த ராடு மரினெஸ்கு இரண்டுக்கும் பாலம் போட்டார். ஒரே எண்ணை நம்பாதே, பலவற்றைச் சேர்த்துப் பார். சிக்கல் அதிகம், அடுத்தவர் தரவை எடுப்பது அதிகம், உள் ஒட்டுதல் குறைவு, இந்த மூன்றும் சேர்ந்தால் எல்லாம் தானே செய்யும் அந்தப் பிரம்மாண்ட கிளாஸ் பிடிபடும்.

இதற்குள் ஜாவா உலகில் 2001ல் இன்டெல்லிஜே ஐடியாவும் எக்லிப்ஸும் வந்துவிட்டன. ரீஃபாக்டரிங் மெனுவில் ஒரு வரியாகிவிட்டது. செக்ஸ்டைல், பிஎம்டி மாதிரியான சோதனைக் கருவிகளும் பின்னாலேயே வந்தன.

எண்கள் பழக்கமானால் என்ன ஆகும் என்பதை நானே ஒரு இடத்தில் பார்த்திருக்கேன். ஒரு மெத்தட் 50 வரிக்கு மேல் போகக் கூடாதுன்னு அங்கே விதி. 120 வரி மெத்தடை மூணா வெட்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு வெச்சிருந்தாங்க. கருவி பச்சை விளக்கு காட்டியது. படிக்கிறவருக்கு முன்னே ஒரு குழி, இப்போ மூணு குழி.

கண்டுபிடித்தும் சரி பண்ண முடியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஜாவாவின் ஸ்டாக் கிளாஸ். ஸ்டாக் என்றால் கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்த தட்டு. மேலே வைக்கலாம், மேலிருந்து எடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் 1996ல் வந்த முதல் ஜாவாவிலேயே அதை வெக்டார் கிளாஸின் வாரிசாக எழுதிவிட்டார்கள். அதனால் அடுக்கின் நடுவில் தட்டைச் செருகலாம், நடுவிலிருந்து உருவலாம். தவறு என்று எல்லாருக்கும் தெரியும். ஜாவாவின் ஆவணமே வேறொன்றைப் பயன்படுத்தச் சொல்கிறது. ஆனால் அந்த உறவை இப்போது வெட்டினால் உலகத்தில் எங்கெங்கோ, யார் யாரோ எழுதின நிரல்கள் உடையும். அவர்களுடைய சோதனைகள் நம் கையில் இல்லை. அதனால் அது அப்படியே இருக்கிறது.

நம்ம நிரல் நம்ம கையில்தான் இருக்கு. உங்க ஆபீஸ்ல தொடக் கூடாதுன்னு சொல்ற அந்த ஃபைலுக்கு நாளைக்கு ஒரே ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு பெயரை மாத்துங்க. டெஸ்டை ஓட்டுங்க. ஆப்டைக் சொன்ன சின்ன அடின்னா இவ்வளவுதான்.