உயர்கல்வியின் பயன்: கல்கத்தா கூறும் விடை

தென் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வாழும் தமிழர்கள் ராஷ்பிகாரி அவென்யூவை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். பவானிபூர் வழியே சென்றால் ஆசுதோஷ் முகர்ஜி சாலை வருகிறது. இப்பெயர்கள் யாருடையவை என்று நம் பிள்ளைகள் வினவினால் நாம் என்ன விடை கூறுவோம்? உயர்கல்வி எதற்காக என்னும் பெரிய வினாவிற்கும் அவ்விடையிலேயே விளக்கம் உண்டு.

1857-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாள் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சட்டத்தால் நிறுவப் பெற்றது. அதே ஆண்டில் பம்பாயிலும் சென்னையிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட இவை தொடக்கத்தில் பாடம் சொல்லவில்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே இவற்றின் பணி. பட்டம் பெற்றவர்க்குச் சர்க்கார் உத்தியோகம் கிட்டியது. வழக்கறிஞர் தொழிலும் கைகூடியது. எனவே கல்வியின் பயன் உத்தியோகமே என்னும் எண்ணம் நாட்டில் வேரூன்றியதில் வியப்பில்லை.

1904-ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்கள் தாமே பாடம் நடத்தவும் ஆராய்ச்சி புரியவும் இடமளித்தது. அவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் கணித அறிஞரும் உயர்நீதிமன்ற நீதிபதியுமான ஆசுதோஷ் முகர்ஜி. 1906 முதல் 1914 வரையிலும், மீண்டும் 1921 முதல் 1923 வரையிலும் அவர் துணைவேந்தராக இருந்தார். வழக்கறிஞர் தாரகநாத் பாலித் தம் நிலத்தையும் பெரும் பொருளையும் அறிவியல் கல்விக்கென அளித்தார். மற்றொரு வழக்கறிஞரான ராஷ்பிகாரி கோஷ் 1913-இல் 10 இலட்சம் ரூபாய் வழங்கினார். இந்நன்கொடைகளால் அமையும் பேராசிரியர் பதவிகளில் இந்தியரே அமர வேண்டும் என்பது நிபந்தனை. 1914-இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இனி நம்மவர் ஒருவரைக் காண்போம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். பெளபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், திரும்பிய பின் மாலையிலும் அங்கே அவர் ஆய்வு செய்தார். பாலித் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு ஆசுதோஷ் அழைத்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்றது அப்பதவிக்குரிய விதி. அதற்காகக் கடல் கடக்க இராமன் உடன்படவில்லை, விதியே தளர்த்தப்பட்டது. 1917-இல், கூடுதல் ஊதியமும் உயர்வும் தரவல்ல உத்தியோகத்தைத் துறந்து அவர் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்ட ஒளிச்சிதறல் உண்மை 1930-இல் நோபல் பரிசு பெற்றது.

அதே ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் இராமனுக்குத் துணையாக இருந்தவர் ஆசுதோஷ் தே. அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். எனினும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். பட்டம் பெற்ற இராமனையும் பட்டமில்லாத தேயையும் ஒரே மேசையருகே நிற்க வைத்தது அறியும் வேட்கையன்றோ?

இவற்றைக் கூறுவதனால் பிழைப்புக்கான கல்வியை நாம் இகழ்ந்தவராக மாட்டோம். ஊரை விட்டுப் புறப்பட்டு இந்நகரின் அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் அமர்ந்த நம் முன்னோர்க்குச் சோறிட்டது அக்கல்வியே. இராமனும் பத்து ஆண்டுகள் அரசாங்க ஊதியத்தில் வாழ்ந்தவர்தாம். ஆனால் கல்வி அங்கேயே நின்றிருந்தால் அவர் மற்றுமோர் உயர் அதிகாரியாக ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய வேட்கைக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்விடத்தை அமைத்துத் தந்தவர்கள் வங்காள வழக்கறிஞர் இருவரும், ஒரு நீதிபதியுமே. தமிழகத்திலிருந்து வந்தவர் என்று அவர்கள் இராமனை ஒதுக்கவில்லை.

ஆகவே உயர்கல்விக்குப் பயன் இரண்டு. ஒன்று, கற்றவன் தன் காலில் நிற்றல். மற்றொன்று, உலகம் அதுவரை அறியாத ஒன்றை அறிந்து உலகுக்கு அளித்தல். முதற்பயனை நாம் எவரும் சொல்லாமலே நாடுகிறோம். இரண்டாவதற்குத்தான் பெற்றோரின் துணிவு வேண்டும். நம் வீட்டு மகனோ மகளோ ஊதியம் குறைந்த ஆராய்ச்சித் துறையை விரும்பி வந்து நிற்கும் நாளில், உடனே மறுத்துரைக்காமல் சற்றுப் பொறுத்துக் கேட்போம். நாம் அன்றாடம் நடக்கும் வீதியின் பெயர் அப்போது நம் நினைவுக்கு வருமாக.