விதையும் மண்ணும்

நான் புனேயில் மருந்து ஆராய்ச்சியில் இருப்பதால், ஊரில் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் ஃபோன் வரும். அடிக்கடி வரும் கேள்வி இது: "மார்புல வந்த கேன்சர் இடுப்பெலும்புக்கு எப்படிப் போச்சு? இது வேற கேன்சரா?"

இதே கேள்வியை 1889-லேயே ஒருவர் கேட்டிருக்கிறார். லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டினார். கல்லீரலில் பரவியது 241 பேருக்கு. மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு. ரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது. எலும்புகளிலும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பரவவில்லை. விதை எங்கும் போகலாம், ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்று 'லான்செட்' இதழில் எழுதினார். இந்த யோசனை ஃபுக்ஸ் என்பவருடையது என்றும் அதிலேயே சொல்லிவிட்டார்.

அதை எல்லோரும் ஏற்கவில்லை. 1920களில் அமெரிக்காவின் ஜேம்ஸ் யூவிங், மண்ணெல்லாம் ஒன்றுமில்லை, ரத்த ஓட்டம் கொண்டுபோய் விடும் இடத்தில் வளர்கிறது, அவ்வளவுதான் என்றார். 1940-ல் பேட்சன் முதுகெலும்பைச் சுற்றியுள்ள வால்வு இல்லாத சிரைகளைக் காட்டியபோது, அந்தக் கட்சிக்குப் பலம் கூடியது.

1980-ல் ஹார்ட், ஃபிட்லர் இருவரும் எலிகளின் உடலில் நுரையீரல், சினைப்பை, சிறுநீரகத் துண்டுகளைப் பதியம் வைத்து, மெலனோமா செல்களை ரத்தத்தில் விட்டார்கள். முதல் இரண்டிலும் கட்டி வளர்ந்தது. சிறுநீரகத் துண்டில் வளரவில்லை. பேஜட் மறுபடி பேசப்பட்டார். என்னைக் கேட்டால் இரண்டு கட்சிக்கும் பங்குண்டு. ரத்தம் வழி காட்டுகிறது, மண் இடம் கொடுக்கிறது.

எலும்பு ஏன் நல்ல மண்? எலும்பு தினமும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. அங்கே போய்ச் சேர்ந்த மார்பகச் செல்கள் சில புரதங்களைச் சுரந்து, கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரையும்போது அதில் பூட்டிவைத்திருந்த வளர்ச்சிப் பொருட்கள் வெளியே வந்து புற்றுக்குத் தீனியாகின்றன. புற்று வளர, எலும்பு இன்னும் கரைகிறது. 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெனோசுமாப் இந்தச் சுழற்சியைத்தான் தடுக்கிறது. அதாவது, மருந்து விதைக்கு அல்ல, மண்ணுக்கு!

ஆகவே ஃபோனில் நான் சொல்வது: இது வேறு கேன்சர் இல்லை. எலும்பில் இருப்பதும் மார்பகச் செல்தான். மார்பகப் புற்றுக்கான மருந்துகளோடு எலும்பைக் காக்கும் மருந்தும் சேரும். முழுசாகப் போக்குவது கடினம், ஆனால் பலருக்கு வருஷக்கணக்கில் கட்டுக்குள் வைக்க முடிகிறது.

இன்னொன்று. சிகிச்சை முடிந்து பத்து வருஷம் ஆனவர்களுக்கும் இது வரலாம். முதுகுவலி வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், வயசாச்சு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். டாக்டரிடம் பழைய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.